வானொலியில் செத்துப்போன என் சிஞ்ஞோரா

லிபெர்த்தா தெருவில் நான் வீட்டோடு தங்கிப் பராமரிக்கும் வயதான அம்மா, என் சிஞ்ஞோரா, போர்த்துக்கல்காரி. ஒரு காலத்தில் மேடையில் பியானோ வாசித்தவர், சொந்தமாக இசை எழுதியவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்து ஆறு வருடம். பிள்ளைகள், சொந்தம் என்று யாரும் இல்லை.

இன்று மத்தியானம் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது வானொலியில் ஒரு பியானோ இசை போனது. சிஞ்ஞோரா இடது கையால் கரண்டியைத் தள்ளிவிட்டார்.

"பொறு. இது நான் எழுதினது."

முழுவதையும் கேட்டோம். முடிந்ததும் அறிவிப்பாளர் அவருடைய பெயரைச் சொன்னார். பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்றும் சொன்னார்.

சிஞ்ஞோரா என்னைப் பார்த்தார்.

"நான் எப்ப செத்தனான்?"

உடனே அந்த வானொலிக்கு போன் எடுத்தேன். ஒரு பெண் பேசினாள்.

"அவ சாகேல்லை. இஞ்சை எனக்கு முன்னாலைதான் இருக்கிறா."

"நீங்கள் அவவுக்கு என்ன முறை?"

"நான் அவவைப் பாக்கிற ஆள்."

"அப்ப சொந்தக்காரர் ஆரையாவது எழுதச் சொல்லுங்கோ" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

திரும்ப எடுக்கப் போனேன். சிஞ்ஞோரா மறித்தார்.

"விடு. உயிரோடை இருக்கேக்கை ஒருநாளும் போட்டதில்லை. இருக்கிறன் எண்டு தெரிஞ்சால் நிப்பாட்டிப் போடுவாங்கள்."

பகிடி விடுகிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. மிச்சச் சூப்பையும் வேண்டாம் என்றுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

சொந்தக்காரர் இல்லாத ஒருவர் உயிரோடுதான் இருக்கிறார் என்பதற்கு எங்கே கடிதம் எடுப்பது? விசாவுக்காகக் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலக வரிசையில் நின்று பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள்.