சரசக்காவின் ஆரஞ்சுப் புள்ளி

சரசக்காவுக்குப் பயம் என்பதே கிடையாது என்று எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் பேச்சு. பள்ளிக்கூடக் கேன்டீனில் கடை வைத்திருந்தவர். நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் தட்டை நீட்டினாலும் ஓர் அதட்டலில் வரிசைக்குக் கொண்டுவந்துவிடுவார். அப்படிப்பட்டவர் கம்ப்யூட்டர் மூலையில் தெரிகிற ஓர் ஆரஞ்சுப் புள்ளியைக் கண்டு நடுங்கினார் என்றால் யார் நம்புவார்கள்? நான் எதிர் வீட்டுக்காரி. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

அவர் வீட்டுக்காரர் சிதம்பரம் அண்ணன் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். நரம்பு நோய் வந்து முதலில் கையைப் பிடித்தது, பிறகு காலை, கடைசியில் நாக்கை. மிச்சம் இருந்தது கண்ணும் கேலியும்தான். சரசக்கா கடையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார்.

அண்ணன் பேசுவது கம்ப்யூட்டர் வழியாக. திரைக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை ஒட்டியிருக்கும். அவர் கண் எந்த எழுத்தில் நிற்கிறதோ அதைப் பட்டை கண்டுபிடிக்கும், எழுத்து விழும், சொல் சேரும், பிறகு ஒரு குரல் அதை வாசிக்கும். செய்தி வாசிப்பது போன்ற குரல். கோபம், கிண்டல், பசி எல்லாம் ஒரே தொனியில்தான் வரும். திரையின் மேல் மூலையில் ஒரு மணிப் படம். அதைப் பார்த்தால் வீடு அதிர மணி அடிக்கும். அண்ணனுக்குத் தொண்டையில் சளி அடைத்தால் அந்த மணிதான் உயிர். அக்கா ஓடி வந்து மெஷினால் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும்.

போன வருடம் ஒரு நாள் அக்கா கீழே மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் கம்ப்யூட்டர் தானாகவே அப்டேட் ஆகி, தானாகவே அணைந்து எழுந்து, பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நின்றது. கண்ணால் எழுதுகிற புரோகிராம் பாஸ்வேர்டு போட்ட பிறகுதான் தொடங்கும். கை அசையாத மனிதர் அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். அக்கா திரும்பி வந்தபோது அண்ணனின் உதடு நீலம் பாரித்திருந்தது. அன்றைக்குப் பிடித்தது பயம்.

கருவியைப் பொருத்திக் கொடுத்த சேவியர் வந்து அப்டேட்டைச் சில வாரம் தள்ளிப்போட்டு வைத்தார். பகலில் தானாக ரீஸ்டார்ட் ஆகாதபடி நேரமும் குறித்துக் கொடுத்தார். ஆனால் ஒரேயடியாக நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது என்றார். ஆரஞ்சுப் புள்ளி வந்தால் அப்டேட் காத்திருக்கிறது என்று அர்த்தம், வீட்டில் ஆள் இருக்கும்போது நீங்களே நடத்திவிடுங்கள் என்று சொன்னார். போகும்போது அவர் சொன்ன ஒன்றை அக்கா மறக்கவே இல்லை.

"நீங்க ஒரு நாள் பாத்து பண்ணிடுங்க அக்கா. இல்லாட்டி அது ஒரு நாள் பாத்து பண்ணிடும்."

அக்கா நிஜமாகவே நாள் பார்த்தார்! நாள்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு செவ்வாய் ஆகாது என்பார். புதன் அஷ்டமி, வியாழன் நவமி. வெள்ளிக்கிழமை நல்ல நாள்தான், ஆனால் நல்ல நாளில் போய்ப் பெட்டியை நோண்டுவார்களா? இப்படியே நாள் ஓடியது. தள்ளிப்போட்ட வாரங்களும் தீர்ந்தன. காலையில் எழுந்து சாமி படத்தைப் பார்க்கும் முன்னே அந்த மூலையைத்தான் பார்ப்பார். புள்ளி இருந்தால் அன்றைக்குக் கடைக்குப் போவது கிடையாது. எனக்கு எரிச்சலாக வரும். ஒரு புள்ளிக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடப்பதா என்று கேட்டுவிட்டேன். அதற்கு அண்ணன்தான் பதில் எழுதினார்.

"போய்ட்டு வா லா. நான் எங்க ஓடிடப் போறேன்?"

அக்கா வெளியே கிளம்பும்போதெல்லாம் அவர் சொல்வது அதுதான். அவருக்குப் பயமே இல்லை, எல்லாப் பயமும் தனக்குத்தான் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. முந்தின நாள் நான்தான் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்ப் பூவும் பொரியும் வாங்கி வந்து கொடுத்தேன். ஆரஞ்சுப் புள்ளி மூன்று நாளாக உட்கார்ந்திருந்தது. அக்கா அந்த வருடம் பூஜையைப் பலமாகவே செய்தார். மிக்ஸிக்கு, சளி எடுக்கும் மெஷினுக்கு, சக்கர நாற்காலிக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கம்ப்யூட்டருக்கு மட்டும் கூடுதல் கவனிப்பு. பக்கத்துக்கு ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பொட்டு வைத்து, இந்த ஒரு தடவை காப்பாத்து என்று அதையே கும்பிட்டார். சாமியிடம்கூட அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. நான் சுண்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சக்கர நாற்காலிக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் வாங்க அக்காவுக்கு மறந்துபோயிருக்கிறது. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கீழே மினிமார்ட்டுக்கு ஓடியிருக்கிறார்.

அவர் அலறல் கேட்டுத்தான் நான் ஓடினேன். அண்ணனுக்கு முகம் கறுத்து, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அக்கா குழாயை வாயில் விட்டுச் சளியை எடுத்துக்கொண்டிருந்தார். மூச்சு வந்தது.

மணி அடிக்கவில்லை. திரை எப்போதும் போலத்தான் இருந்தது, எழுத்துகள் வரிசையாக இருந்தன. ஆனால் அண்ணன் எங்கே பார்த்தாலும் ஒன்றும் அசையவில்லை.

"வந்துடுச்சு சுசீலா, அது வந்துடுச்சு" என்றார் அக்கா. அணைத்துப் போட்டால் சரியாகும் என்று அவரே மவுஸைப் பிடித்தார். அவசரத்தில் எதை அழுத்தினார் என்று அவருக்கே தெரியாது. திரை நீலமானது. அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள் என்று எழுதிக் காட்டியது. இத்தனை நாள் கும்பிட்டும் கெஞ்சியும் தள்ளிப்போட்டதை அவர் கையாலேயே தொடங்கிவிட்டார்.

சேவியருக்குப் போன் போட்டேன். என்ன ஆனாலும் பிளக்கைப் பிடுங்காதீர்கள், முடியும்வரை காத்திருங்கள் என்றார். காத்திருந்தோம். இருபது சதவீதத்தில் ஏறி உட்கார்ந்தது, இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. மெஷினை நான் திட்டினேன், அதைச் செய்தவனைத் திட்டினேன். அக்கா குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் முகத்தையே பார்த்திருந்தார். கண்ணை ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. சளியா? இல்லை. வலியா? இல்லை. தண்ணியா? இல்லை. பிறகு அண்ணன் மூடவே இல்லை. திரைக்குக் கீழே ஓரிடத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்தோம்.

ஒருவழியாக முடிந்து பாஸ்வேர்டு கேட்டது. அக்கா இரண்டு தடவை தப்பாகப் போட்டு, மூன்றாவதில் திறந்தார். எழுத்துப் பலகை வந்தது. அண்ணன் பார்த்தார். எதுவும் அசையவில்லை.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவர் வாயை நானே அடைச்சுட்டேனே" என்றார்.

அண்ணன் மட்டும் இன்னும் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சதவீதம்தான் போய்விட்டதே, இன்னும் என்ன பார்க்கிறார்? நாற்காலிக்குப் பின்னால் போய், குனிந்து, அவர் தலையோடு தலை வைத்து நானும் பார்த்தேன். கறுப்புப் பட்டையின் நட்ட நடுவில், காய்ந்த சந்தனத்தின் மேல் அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

துப்பட்டா முனையை நனைத்துத் துடைத்தேன். அடுத்த நொடி மணி அடித்தது. வீடு அதிர்ந்தது. அக்கா துள்ளி எழுந்தார். அண்ணன் நிறுத்தவில்லை. அத்தனை நேரம் அடிக்க முடியாததை எல்லாம் சேர்த்து அடித்துக்கொண்டே இருந்தார்.

பிறகு எழுத்துக்குப் போனார். கேலிதான் வரப்போகிறது என்று நான் சிரிக்கக்கூடத் தயாராகிவிட்டேன். பொட்டு வைக்க வேறு இடமே கிடைக்கலையா என்று கேட்பார். ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது. அக்கா தரையில் கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் பிடித்தபடி நின்றார். செய்தி வாசிக்கிற அந்தக் குரல் எப்போதும் போல நிதானமாக வாசித்தது.

"ரொம்ப பயந்துட்டேன் சரசு. எங்கேயும் போகாத."