ஏலத்துக்குப் போன மாதுளம்பழம்

ஒரே ஒரு மாதுளம்பழத்துக்காக என் அப்பாவும் பெரியப்பாவும் சர்ச் வளாகத்தில், ஊரே பார்க்க, மோதிக்கொண்டார்கள். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும்.

அந்த மரம் எங்கள் அடுக்களைக்குப் பின்னால், பெரியப்பா வீட்டு மதிலை ஒட்டி நின்றது. சொத்து பாகம் பிரித்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. இடையில் மதில் எழும்பியது. மரம் எங்கள் பக்கம் வந்தது. எங்கள் மாவட்டத்து மழை பலாவுக்கு ஆகும், மாதுளைக்கு ஆகாது. சிவக்கச் சிவக்கப் பூக்கும், ஒரு மழையில் அத்தனையும் தரையில் கிடக்கும். அம்மா விடவில்லை. மீன் கழுவிய தண்ணீரும் சாம்பலும் போட்டு வளர்த்தாள். கடைசியில் ஒற்றைக் காய் பிடித்தது. அணில் கடிக்காமலிருக்க என் பழைய பாவாடைத் துணியில் பை தைத்துக் கட்டினாள். பள்ளிக்கூடம் போகுமுன் நான் தினமும் அதை அவிழ்த்துப் பார்ப்பேன்.

பழுத்ததும், முதல் கனி ஆண்டவருக்கு என்று அறுப்பின் பண்டிகைக்குக் கொடுத்துவிட்டாள். காணிக்கையாக வரும் வாழைக்குலை, சேவல் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள்.

"அழாத மக்கா, ஏலத்துல நானே எடுத்துத் தாறேன்" என்றார் அப்பா.

பழம் ஏலத்துக்கு வந்ததும் அப்பா விலை கேட்டார். பின்னாலிருந்து பெரியப்பா கூட்டிக் கேட்டார். சாளை மீனுக்கே அரைமணி நேரம் பேரம் பேசுகிற பெரியப்பா! அப்பா ஏற்றினார், அவரும் ஏற்றினார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள், சிலர் போனில் படம் பிடித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுபோனது. பெரியப்பா அடுத்துச் சொன்ன தொகைக்கு ஒரு கறவைப் பசுவே வாங்கலாம். ஏலம் விட்டவர் பதறி, "அண்ணாச்சி, இது ஒத்தப் பழம்" என்றார்.

அப்பா மறுபடி வாயைத் திறந்தபோது அம்மா அவர் கையைப் பிடித்தாள்.

"விட்டுருங்க. செத்துப்போன அவங்க மக நட்ட மரம்லா அது."

அப்பா அப்படியே நின்றுவிட்டார். பெரியப்பா பழத்தை வாங்கி, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பெண்கள் பக்கம் இருந்த பெரியம்மாவின் மடியில் கொண்டு வைத்தார்.

வழியெல்லாம் அழுதேன். யாரும் தேற்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்பிப்பாரையை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுப் பக்கம் நடந்தார். வெட்டுக்குத்துதான் என்று நான் அலறிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அப்பா குத்தியது மதிலை. மரத்துக்கு நேராக, ஓர் ஆள் நுழைகிற அளவுக்குச் செங்கல்லைப் பெயர்த்துத் தள்ளினார்.

"எதுக்குப்பா இடிக்கீங்க? இனி அவங்க வந்து எல்லாத்தையும் பறிச்சிருவாங்கல்லா?"

"தள்ளி நில்லு மக்கா, கல்லு தெறிக்கும்."

புழுதி அடங்குமுன் அந்த இடைவெளி வழியாகப் பெரியம்மா வந்தாள். முள் குத்துவதைக்கூடப் பொருட்படுத்தாமல் கிளைகளைத் தடவிக்கொண்டே நின்றாள். காய்கூட இல்லாத மரத்தை இப்படித் தடவி இவளுக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று, கையில் ஒரு கம்போடு நான் அங்கேயே காவல் நின்றேன்.