நான் அழித்த ‘மெகா’

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் எழுத்து மட்டும் அச்சுப் போல வரும். பாரிவாக்கத்திலிருந்து ஆவடிக்கு, என் வீட்டுக்காரருக்குக் கிடைத்த ஃபாக்டரி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த பிறகு, ரேஷன் மனு எழுதவும் கோலப் போட்டிக்கு அறிவிப்பு எழுதவும் என்னைத்தான் தேடி வருவார்கள். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் திறக்காது. பேச வராததை எழுத்து ஈடுகட்டுகிறது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வைத்திருந்தேன். அந்தப் பெருமைதான் என் மகளுக்குக் கெடுதல் செய்தது.

கல்பாக்கத்தில் இரண்டாவது உலையும் ஓடத் தொடங்கியிருந்த சமயம். மகள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்கு அந்த அணுமின் நிலையத்தையே தெர்மகோலில் செய்தாள். முதலாவதாக வருகிறவர்கள் காஞ்சிபுரத்தில் மாவட்டக் கண்காட்சிக்குப் போகலாம். அங்கே வருகிற பிள்ளைகளைக் கல்பாக்கத்துக்கு அழைத்துப்போய்க் காட்டுவதாகவும் சொல்லியிருந்தார்கள். இவளுக்கு அதுதான் குறி. அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்க்கவேண்டும் என்று ஒரு மாதமாக அதே பேச்சு.

தெர்மகோல் அறுக்கும்போது எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். கட்டடத்தின் உயரத்தை வைத்து நிலையத்தைப் பெரிசு சிறிசு என்று சொல்வதில்லையாம், எத்தனை மின்சாரம் தருகிறது என்பதை வைத்துத்தானாம். வெளிநாட்டில் ஒரே உலை ஆயிரம் தருவதும் உண்டாம். நம்முடையது சின்னதுதான், ஆனாலும் ஊர் ஊராக விளக்கெரியப் போதுமாம். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே ‘உம்’ கொட்டினேன்.

கண்காட்சிக்கு முதல் நாள் அவளுக்குக் காய்ச்சல். சார்ட்டையும் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளையும் என்னிடம் கொடுத்து, பார்த்து எழுதச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். தாளில் ‘உலைகள் இரண்டு. ஒவ்வொன்றும் 235 மெகாவாட்’ என்று இருந்தது. முதலில் பென்சிலில் அப்படியே எழுதினேன். பிறகு அந்த மெகா கண்ணை உறுத்தியது.

வாட் எனக்குத் தெரியும். பல்பு வாங்கினால் அட்டையில் போட்டிருக்கும். கூடத்துக்கு அறுபது, சமையலறைக்கு நாற்பது. மெகாவை நான் கேட்டதே இல்லை. மகா என்பதைத்தான் காய்ச்சல் வேகத்தில் இப்படி எழுதிவிட்டாள் என்று நினைத்தேன். மேடையில் மகா ஜனங்களே என்பார்களே, அந்த மகா. எண்ணே இருநூறுக்கு மேல் இருக்கிறது, அதற்கு மேல் ஒரு மகா எதற்கு? பீற்றிக்கொள்வதுபோல இருந்தது. ரப்பரால் அழித்துவிட்டு, ‘235 வாட்’ என்று ஸ்கெட்ச் பேனாவால் பளிச்சென்று எழுதினேன். நடுவில் எழுந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கண் திறந்து பார்த்தாள். அப்போதாவது கேட்டிருக்கலாம்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் அவள் மாதிரிக்குள் ஒயர் இழுத்துச் சின்ன பல்புகளை எரியவிடுவதிலேயே இருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் சார்ட்டை மாட்டியவள் நான். தேர்வு செய்ய வந்த அதிகாரி, அவள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சார்ட்டைப் படித்தார்.

“இருநூத்தி முப்பத்தஞ்சு வாட்டா? எங்க வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கே பத்தாதேம்மா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் வரிசையில் குடியிருந்த ஒருத்தி, “கல்பாக்கத்த இட்டுகினு வந்து ஊட்டு கூடத்துல தொங்கவுட்டுட்டா பாரு” என்றாள். அதற்கும் ஒரு சிரிப்பு. மகள் திரும்பிச் சார்ட்டைப் பார்த்தாள். காய்ச்சல் விட்ட முகம், இன்னும் வெளுத்தது.

“யாரும்மா எழுதனது?” என்றார் அவர்.

அவள் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

“நான்தான் சார்.”

எழுத்து அழகாக இருக்கிறது, ஆனால் அர்த்தம் தெரியாமல் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போனார். சோப்பு தயாரித்துக் காட்டிய பெண் காஞ்சிபுரம் போனாள்.

வீட்டுக்கு நடக்கும்போது மெகா என்றால் பத்து லட்சம் என்று மகள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. பத்து லட்சத்தை ரப்பரால் அழித்திருக்கிறேன்.

“எழுதறப்ப மெகா உட்டுப்போச்சாம்மா?” என்று கேட்டாள்.

“ஆமாடி, உட்டுப்போச்சு” என்றேன்.

அதைப் பற்றி அவள் அப்புறம் பேசவே இல்லை. நான் அந்தச் சார்ட்டை எழுத்து கீழே இருக்கும்படி சமையலறை அலமாரித் தட்டில் விரித்து, மேலே டப்பாக்களை அடுக்கினேன்.

தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரர் ரிடையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய உதவிக்கு மகள் பூந்தமல்லியிலிருந்து வந்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். அலமாரியைத் துடைக்கும்போது சார்ட்டை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அழித்த இடத்தில் பென்சில் தடம் போகவே இல்லை.

“இன்னாம்மா, எழுதிட்டு அழிச்சிருக்கே.”

இனி மறைக்க முடியாது. மகா என்று நினைத்ததையும், பீற்றல்போலப் பட்டதையும் சொன்னேன். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:

“தப்பா எழுதனதுக்கு நான் வருத்தப்படலம்மா. அன்னிக்கு யாரு எழுதனதுன்னு அவரு கேக்கறப்ப நீ பக்கத்துலதான நின்னுகினு இருந்தே.”

டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டேன்.