டின் பாலும் என் வலது காலும்

செம்பனை (எண்ணெய்ப் பனை) முள் குத்தியது எனக்குத் தெரியவில்லை. அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் குலை ஏற்றிவிட்டு வந்து, லோரியை வீட்டு வாசலில் நிறுத்தி உள்ளே நடந்தேன். என் மனைவி செல்லம்மா சிமெண்டுத் தரையைப் பார்த்தாள்.

"என்னாங்க, எதை மிதிச்சிட்டு வந்தீங்க? ரத்தமா இருக்கு."

கோழி எதையாவது இழுத்துப் போட்டிருக்கும் என்றேன். அவள் என் வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். சிலிப்பரைத் துளைத்துப் போன முள் பெருவிரலுக்குக் கீழே ஒடிந்து கிடந்தது. எனக்கு வலியே இல்லை. வலி இல்லாததை உடம்பின் உறுதி என்று நினைத்தேன். முதல் அறிகுறி அதுதான். வலிக்க வேண்டிய இடம் வலிக்காவிட்டால் பயப்படுங்கள்.

நான் தோட்டத்தில் புல் வெட்டி வளர்ந்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. பிறகு சொந்த லோரி வாங்கினேன், புக்கிட் ரோத்தானில் கல் வீடு கட்டினேன், யாரிடமும் போய் நின்றதில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். இத்தனையும் செய்த ஆளைச் சாப்பாட்டுத் தட்டு சாய்க்கப் பார்த்தது. இனிப்பு நீர் (ரத்தத்தில் சர்க்கரை கூடும் நோய்) வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அன்பினால் மட்டும் எழுதவில்லை. என்னை அறுக்கப் பார்த்த எதிரிகளின் பெயர் ஊருக்குத் தெரிய வேண்டும்.

முள் குத்துவதற்கு முன்பே எனக்கு இனிப்பு நீர் இருப்பது தெரியும். டவுனில் ஒரு டாக்டர் சோதித்துப் பார்த்து, "சீனியைத் தொடாதீர்கள். பால் குடிக்கலாம்" என்றார். அவர் தோட்டத்தில் வளர்ந்தவர் இல்லை. எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பால் என்றால் டின் பால். அம்மாக்கள் விடியுமுன் பால் மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போய்விடுவார்கள். பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டால், கெட்டியான டின் பாலைச் சுடுதண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். அதைக் குடித்து வளர்ந்த வாய்க்கு அதுதான் பால். மாடு கறப்பதற்குத்தான் 'மாட்டுப் பால்' என்று தனிப் பெயர்.

அன்றைக்கே சீனியை விட்டேன். தேத்தண்ணிக் கடையில் எல்லார் காதிலும் விழும்படி, "தம்பி, சீனி ஒரு துளி போடாத, பால நெறய ஊத்து" என்பேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் நான். ஒரு கரண்டி சீனியையும் அதன்பின் நான் தொடவில்லை.

முள் எடுத்த புண் ஆறவில்லை. விரல் கறுத்தது. பெரிய ஆஸ்பத்திரியின் நடைவழியில், தள்ளுகட்டிலில் படுத்தபடி கூரை விசிறிகளைப் பார்த்துக் கிடந்தேன். டாக்டர் ஒரு சீனப் பெண். மலாயில் பேசுவார், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். "இரண்டு விரலை எடுத்தாக வேண்டும். அழுகல் (ரத்தம் போகாமல் சதை செத்துப்போவது) மேலே ஏறினால் முட்டிக்குக் கீழே எடுப்போம். சர்க்கரை இறங்கினால் கால் தப்பும்."

அன்று மாலை என் சகலை ராஜமாணிக்கம் வந்தான். செல்லம்மாவின் தங்கை புருஷன். புக்கிட் ரோத்தானில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். பை நிறைய டின் பால், சாக்லேட் மாவு, கிரீம் பிஸ்கோத்து, ஆரஞ்சு சிரப்பு. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

"ஒடம்பு தேறணும்லா சகல. பால நல்லா கலக்கிக் குடிங்க. நம்ம கடைச் சரக்குத்தான்."

அதோடு போயிருக்கலாம். கட்டிலில் உட்கார்ந்து என் காலைத் தட்டினான்.

"முட்டிக்குக் கீழ எடுக்கணும்னு சொல்றாங்களாமே. ஒத்தக் கால்ல பிரேக்கு எப்படி மிதிப்பீங்க? லோரி சும்மா நின்னா துருப்புடிச்சிரும். எங்கிட்ட குடுத்திருங்க. கட வாசல்லதானே நிக்கும், நீங்க பாத்துக்கிட்டே உக்காந்திருக்கலாம். நாற்காலி நான் போட்டுத் தாரேன்."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். முள் குத்தியது தெரியாத எனக்கு அந்தச் சிரிப்பு குத்தியது தெரிந்தது.

"கடையப் போய்ப் பாரு சகல, ஆள் நிக்கப்போகுது" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் டாக்டர் வந்தபோது நான் கோப்பையும் கையுமாக இருந்தேன்.

"அது என்ன?"

"பால்."

"யார் குடிக்கச் சொன்னது?"

"உங்களை மாதிரி ஒரு டாக்டர்தான்."

டின்னை எடுத்து ஒட்டியிருந்த தாளைப் படித்தார். எனக்கு அந்த எழுத்து படிக்க வராது. "அங்கிள், இதில் பாதிக்குக் கிட்ட சீனி. நீங்கள் சீனியை நிறுத்தவில்லை. கரண்டியை மட்டும் நிறுத்தியிருக்கிறீர்கள்."

அவர் போன பிறகும் அந்த டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக வந்தது. குழந்தையில் வாயில் வைத்ததும் இதுதான், கிழவனானபின் காலைக் கேட்பதும் இதுதான். அதைக் கொண்டு வந்தவன் லோரியையும் கேட்கிறான். கால் போனால் அவன் நாற்காலி போடுவான். நான் அதில் உட்காரக் கூடாது. அன்று என் மனத்தில் வேறொன்றும் இல்லை.

இரண்டு விரல் போயிற்று. இன்சுலின் (சர்க்கரையை அடக்க ஊசியாகப் போடும் மருந்து) போட்டுக்கொள்ளக் கற்றுத் தந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் கணக்குத் தீர்த்தேன்.

காலையில் ரொட்டி சானாயும் (வீசிச் சுடும் பரோட்டா) பால் தேத்தண்ணியும் என் பழக்கம். மைதா, எண்ணெய், சீனி மூன்றும் சேர்ந்து விடியற்காலையிலேயே அடிக்கும். அதற்குப் பதிலாகக் கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை நிறையப் போட்டது. தேத்தண்ணியில் பாலும் இல்லை, சீனியும் இல்லை. முதலில் வாய் கசந்தது. கசக்கட்டும் என்று விட்டேன். சாயங்காலம் பீசாங் கோரெங் (மாவில் முக்கிப் பொரித்த வாழைப்பழம்) இருந்த இடத்தில் அவித்த கடலை ஒரு கைப்பிடி, இல்லையென்றால் காயாக இருக்கும் கொய்யா. கருவாட்டை விட்டுவிட்டுக் கோலசிலாங்கூரில் பிடித்த பச்சை மீன் வாங்கினோம். தேங்காய்ப் பாலில் கொதிக்க விடாமல் புளிக்குழம்பு, அல்லது வாழை இலையில் வைத்துச் சுட்டது. தாகத்துக்குத் தண்ணீர். விருந்தாளிக்கும் தண்ணீர்தான்.

சோறுதான் கடைசிவரை சண்டை போட்டது. செல்லம்மா தட்டில் பாதிக்குக் கீரையும் காயும் வைத்து, ஓரத்தில் கொஞ்சம் சோறு வைத்தாள்.

"என்னா இது? கோழிக்கு வைக்கிற மாதிரி இருக்கு."

"கோழிக்கு ரெண்டு காலும் முழுசா இருக்கு. தின்னுங்க."

தின்றேன்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆத்திரத்தில் ஒரு நாள் ஊசியைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தேன். சர்க்கரையைப் பூண்டோடு அழித்துவிடலாம் என்று எண்ணம். கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, செல்லம்மா பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. தாழ் சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடுவது) அப்படித்தான் வரும். அவள் என் வாயில் மிட்டாயைத் திணித்தாள். சீனி என்ற பகையாளி கையால் பிழைத்தேன். ஊசி போடுகிறவர்கள் வேளைச் சாப்பாட்டைத் தள்ளாதீர்கள். சட்டைப்பையில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். பகையைக்கூட அளந்துதான் வைக்க வேண்டியிருக்கிறது.

புண் ஆறிற்று. கால் தப்பிற்று. ஆனால் பிரேக்கை மிதித்தால் மிதித்தது காலுக்குத் தெரியவில்லை. அதனால் டிரைவர் வைத்தேன். நான் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டு, முதல் நாளே சகலை கடை வாசலில் நிறுத்தச் சொன்னேன். இறங்கி, இரண்டு காலால் நடந்து உள்ளே போனேன். கடையில் ஆள் இருந்தது.

"வாங்க சகல. என்னா வேணும்? புதுப் பிஸ்கோத்து வந்திருக்கு."

"ஒரு தீப்பெட்டி."

"அவ்ளோதானா?"

"கால் இருக்குல்ல. வேணுங்கிறப்ப நடந்து வாரேன்."

வீட்டுக்கு மளிகை வாங்குவதை முழுவதும் அதற்குள் வேறு கடைக்கு மாற்றியிருந்தேன். அவனுக்கும் அது தெரியும். தீப்பெட்டியைக் கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான். நன்றாகப் பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

இதைப் படித்து அவன் கெட்டுப்போனான் என்று நினைக்காதீர்கள். கல்லாவில் உட்கார்ந்து டின் பாலில் பிஸ்கோத்தை முக்கித் தின்கிறான். அவனுக்கு ஒரு நோயும் வரவில்லை. உடம்பு நியாயம் பார்ப்பதில்லை. அதனால் என் பழியை என் உடம்பிலேயே தீர்க்க வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் என் பொழுது லோடு கணக்கில் ஓடும். இப்போது ஊசி, அடை, நடை, கீரை, மறுபடி ஊசி. சாயங்காலம் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். தனக்கு என்ன ஆயிற்று என்று அது சொல்லாது, நான்தான் போய்க் கேட்க வேண்டும். என் கால் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, ஊமைப் பிள்ளையை வளர்ப்பது போல இருக்கிறது.

எனக்குப் பெரிய ஆசை இல்லை. சகலைக்குப் பின்னால் ஒரு நாள் உயிரோடு இருந்தால் போதும். அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது இந்த இரண்டு காலோடும் சுடுகாடுவரை நடந்து போவேன். சாவு வீட்டுக்குச் செருப்புப் போடக் கூடாது என்பார்கள். என் கால் வெறுந்தரையில் படக் கூடாது. நான் காலை மூடும் சப்பாத்து மாட்டிக்கொண்டுதான் நடப்பேன்.