பன்னிரண்டு தொட்டில் துணிகள்

மலேசியாவின் அலோர் காஜாவில் வீட்டுக்குப் பின்னால் துணிக்குச் சாயம் ஏற்றி விற்கும் ராகினி, முன்பு ஒன்பது வருடம் ஒரு சாய ஆலையில் வேலை பார்த்தவள். கைத்தோல் வெடித்து உரிந்து டாக்டரிடம் போனபோது, அந்தச் சாயத்தில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. பீப்பாயில் ஓர் எண்தான் ஒட்டியிருந்தது. வேலையை விட்டாள்.

தச்சுப் பட்டறையில் கிடைக்கும் பலாமரத் தூளை வேகவைத்து, படிகாரத்தில் ஊறிய பருத்தித் துணியை அதில் முக்கியெடுத்தால் இதமான மஞ்சள் ஏறும். போன வருடம் அதில் தொட்டில் துணி செய்தாள். பன்னிரண்டு விற்றன.

விற்ற மூன்றாவது வாரம், அதில் ஒன்றை வாங்கியிருந்த ஹஃப்சா கிளேபாங்கிலிருந்து போன் செய்தாள். குழந்தை மரீஹாவுக்கு அப்போது ஐம்பது நாள்.

"அக்கா, பாப்பா உடம்பெல்லாம் சிவப்பா தடிச்சிருக்கு. நீங்க போட்ட சாயமா இருக்குமோ?"

இயற்கைச் சாயம் என்றாலும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாமே. ராகினி மற்ற பதினொரு வீட்டுக்கும் போன் போட உட்கார்ந்தாள்.

"ஒருத்திதானே சொல்லியிருக்கா. ஏன் எல்லாரையும் பயமுறுத்துற?" என்றான் கணவன் சுரேன்.

"எனக்கே தெரியலலா. தெரியிற வரைக்கும் அதுல ஒரு பிள்ளையும் படுக்க வேணாம்."

மறுநாள் காலை கிளேபாங் கிளினிக்குக்கு அவளும் போனாள். டாக்டர் சாயத்தைப் பற்றிக் கேட்டார். மரத்தூள், படிகாரம், எத்தனை முறை அலசினேன் என்று எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். தொட்டில் துணியே படாத வயிற்றில்தான் தடிப்பு அதிகம்.

"சட்டையை எதுல துவைக்கிறீங்க?"

ஹஃப்சா யோசித்தாள். "போன வாரம் புதுசா ஒரு வாசனை சோப்புத் தண்ணி வாங்கினேன் டாக்டர், அதுலதான். தொட்டில் துணியை வெறும் தண்ணியில கையாலதான் அலசுறேன்."

அந்தச் சோப்புத் தண்ணியை நிறுத்தச் சொன்னார் டாக்டர். நான்காம் நாள் ஹஃப்சா படம் அனுப்பினாள். குழந்தையின் வயிறு சுத்தமாக இருந்தது. ராகினி அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி பதினொரு பேருக்கும் போன் செய்தாள்.

அவர்களில் ஒருத்தியான செர்காம் ஊர் புனிதா முதல் மணியிலேயே எடுத்தாள். "அக்கா, வேற துணியில தொட்டில் கட்டினா பையன் கண்ணே மூட மாட்றான். இப்பக் கட்டலாமா?"

"கட்டும்மா, தாராளமா கட்டு."