எந்தப் பக்கம் புகை

எங்கள் ஊருக்கு என்று தனியாகப் பெயர் கிடையாது. சிவகாசியிலிருந்து வருகிற மினி பஸ் அடிவாரத்தில் நின்றதும் கண்டக்டர், “கரடெல்லாம் இறங்கு” என்று சத்தம் கொடுப்பார். கரடு என்றால் மொட்டைப் பாறையும் உடைமுள்ளுமாக நிற்கிற சின்ன மலை. அதன் மேல் வீடு கட்டிக் குடியிருப்பதால் நாங்களும் கரடாகிவிட்டோம். கல்யாணமாகி வந்து இறங்கிய அன்று, என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அந்த மனிதரை முறைத்தேன். இப்போதெல்லாம் அவர் வாயைத் திறப்பதற்குள் எழுந்து நின்றுவிடுகிறேன்.

கரட்டுக்குக் கிழக்கே ஒரு பஞ்சாயத்து, மேற்கே ஒரு பஞ்சாயத்து. ஓட்டுப் போடுவது கிழக்கே, தண்ணீர் லாரி வருவது மேற்கேயிருந்து. தெருவிளக்கு எரியவில்லை என்று கிழக்கே சொன்னால் மேற்கே கேளுங்கள் என்பார்கள், மேற்கே போனால் கிழக்கே கை நீட்டுவார்கள். டவுன் பெரிதாகிக்கொண்டே வந்தபோது எங்களையும் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. டவுன் அடிவாரம் வரைக்கும் வந்தது. மேலே ஏற மூச்சு வாங்கியதோ என்னவோ, அங்கேயே நின்றுவிட்டது.

நான் பிறந்தது விருதுநகரில், மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கிகள் இருக்கிற தெருவில். வெளியூர்க்காரர்கள் தும்மாமல் அந்தத் தெருவைக் கடக்க முடியாது. ஒரு பஸ் போனால் அடுத்த பஸ், ஒரு ரயில் போனால் அடுத்த ரயில் என்று இருந்த ஊர். அங்கிருந்து இங்கே வந்ததும் எனக்கு முதலில் உறைத்தது வெயில். அடுத்து, இறங்குவதற்கு இருப்பது ஒரே பாதை என்பது. அந்தப் பாதையும் என் கணவர் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனியின் மதிலை ஒட்டித்தான் போகிறது. லோடு ஏற்ற லாரி வந்து நின்றுவிட்டால் சைக்கிள்கூட நுழையாது. பட்டாசு ஷெட்டுக்கு இவ்வளவு தூரம் இடம் விட வேண்டும் என்று சட்டம் இருப்பதால் புதிதாக வீடு கட்ட முடியாது. இருக்கிற வீட்டை விற்கலாம் என்றால் வாங்க யார் வருவார்கள்? ஆக, இங்கே வந்தவர்கள் வந்தவர்கள்தான்.

எங்களுடையது கடைசி வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை. நான் வந்த புதிதில் அதன் மேல் ஏறி நின்றால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். அம்மாவிடம் அழ வேண்டும் என்றாலும் ஏறி நின்றுதான் அழ வேண்டும், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே நின்றால் நாலா பக்கமும் கம்பெனிகள் தெரியும். தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ஷெட்டுகள், நடுவில் வேப்ப மரங்கள், காயப் போட்ட வெடிகளின் சிவப்பும் பச்சையும். கீழே பார்த்தால் என் கணவர் வேலை பார்க்கிற இடமே தெரியும். அவர் வெடிமருந்து கலக்குகிற ஷெட், எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கித் தனியாக இருக்கும்.

ஒருநாள் அப்படி அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கம்பெனிகளில் வெடித்துப் பார்க்கிற சத்தம் தினமும் வரும், அது ஆகாசத்தில் கேட்கும். இது தரை வழியாக வந்தது. காதுக்கு முன்னால் என் காலுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் தெற்கே கறுப்பும் சாம்பலுமாகப் புகை. அம்மாவின் போனை வைத்த மறுநிமிஷம் என் நாத்தனார் கூப்பிட்டாள். அவளுடைய வீட்டுக்காரரும் பட்டாசுக் கம்பெனியில்தான் இருந்தார். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சத்தம் கேட்டால் அவரைக் கூப்பிட்டுக் கேட்க வழி இல்லை.

“மதினி, நீங்க பாறை மேலயா நிக்கீக? எந்தப் பக்கம் புகை?”

“தண்ணித் தொட்டிக்குத் தெக்க.”

“அப்ப இவுக பக்கம் இல்ல” என்று அழுதுகொண்டே போனை வைத்தாள்.

அதிலிருந்து பிடித்தது வினை. நாத்தனார் அவள் தெருவில் சொன்னாள். அந்தத் தெரு அடுத்த ஊருக்குச் சொன்னது. எங்கே சத்தம் கேட்டாலும், சில சமயம் வெறும் இடி இடித்தாலும், எனக்குப் போன் வரும். யார் என்றே தெரியாத பெண்கள். “யக்கா, எந்தப் பக்கம்?” எடுத்த எடுப்பில் அதுதான், பேர் சொல்ல மாட்டார்கள். குப்பை எரிக்கிற வெள்ளைப் புகைக்கும் ஷெட் எரிகிற புகைக்கும் வித்தியாசம் எனக்குப் பழகிப் போனது. எத்தனையோ பேருக்கு “உங்க பக்கம் இல்லம்மா” என்று சொல்லியிருக்கிறேன். ஒரு சிலருக்கு அப்படிச் சொல்ல முடியாமலும் நின்றிருக்கிறேன். மறுமுனையில் அந்தப் பெண் பேசாமல் இருப்பாள், நானும் பேசாமல் இருப்பேன், அதிலேயே அவளுக்குப் புரிந்துவிடும். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. போகப் போக எரிச்சலாக வந்தது. அச்சாபீசிலிருந்து அட்டை வாங்கி வீட்டிலேயே பெட்டி ஒட்டுகிற வேலை எனக்கு. கையெல்லாம் பசையோடு பாறைக்கு ஓடிய நாட்கள் நிறைய. தம்பி வீட்டு விசேஷத்துக்கு விருதுநகர் போயிருந்தபோது ஒரு பெண் கூப்பிட்டாள். நான் ஊரில் இல்லை என்றதும் அவளுக்குக் கோபம். “அங்கன என்னக்கா வேலை உங்களுக்கு?” என்று கேட்டாள். நானும் மொய் எழுத வேண்டாமா என்று கேட்டிருப்பேன், அதற்குள் வைத்துவிட்டாள்.

மகளுக்கு விருதுநகரில் காலேஜ் கிடைத்ததும் எனக்கு வழி திறந்த மாதிரி இருந்தது. மினி பஸ்ஸை நம்பி இங்கிருந்து தினமும் போய்வர முடியாது. அங்கேயே ஒரு வீடு பார்த்துக் குடி போய்விடலாம் என்று கணவரிடம் சொன்னேன். “நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போறேன்” என்றார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஆடி பிறந்துவிட்டால் குடி போகக் கூடாது என்பதால் ஆனிக்குள் முடித்தாக வேண்டும். அந்த ஒரு மாதமும் நான் பெட்டி ஒட்டினேனா பாட்டுப் பாடினேனா என்று எனக்கே தெரியாது. அத்தனை ஆசை எனக்கு.

தம்பி ஒரு வீடு பார்த்து வைத்திருந்தான். மகளும் நானும் போனோம். மாடியில் ஒற்றை அறை, சமையல்கட்டு, குழாயைத் திறந்தால் தண்ணீர். நான் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு சுவர், மேலே ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. வேறு ஒன்றுமே தெரியவில்லை. இப்படி ஒன்றுமே தெரியாத இடத்தில் நின்று எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்தேன். மகள், “என்னம்மா தனியா சிரிக்கிற?” என்றாள்.

இறங்கி வந்து வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“யக்கா, பெரிய சத்தமா கேட்டுச்சே. எந்தப் பக்கம்?”

“நான் விருதுநகர்ல இருக்கேம்மா.”

அவள் போனை வைத்துவிட்டாள். அடுத்த போன். அதற்கடுத்தது. கரட்டு அடிவாரத்தில்தான் சத்தம் என்று ஒருத்தி சொன்னாள். என் கணவருக்குப் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. கேட் வாட்ச்மேனுக்குப் போட்டால் லைன் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குப் போட்டேன், அவள் ரேஷன் வாங்கக் கீழே இறங்கியிருந்தாள். மேலே நின்று பார்த்துச் சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்லை.

பஸ்ஸில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. நீளமான கூட்ஸ் வண்டி ஒன்று ஆடி அசைந்து போனது. அந்த டிரைவரை நான் வைத வசவை இங்கே எழுத முடியாது. அவரைச் சொல்லி என்ன, புகை எந்தப் பக்கம் என்று தெரியாத ஒரு மனுஷிக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடிவாரத்தில் இறங்கியபோது என் கணவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையும் முகமும் மருந்தின் வெள்ளி நிறப் பொடி அப்பியபடி முழுதாக இருந்தார். பின்பக்கத்துக் கல் குவாரியில் நேரங்கெட்ட நேரத்தில் வெடி வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “ஒரு போன் பண்ணப்பிடாதா?” என்றேன்.

“இங்க எல்லாரும் உன்னையத்தான் தேடிக்கிட்டு இருந்தாக” என்றார். “சத்தம் கேட்டதும் எல்லாரும் வெளிய ஓடியாந்து மேல பாத்தோம். பாறையில நீ இல்ல. நீ வீடு பாக்கப் போனது எனக்குத்தான தெரியும். கைகாட்டி அக்காவக் காணோமேன்னு பொம்பளையாளுக பயந்து போயிட்டாக.”

“யாரு கைகாட்டி?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாத ஒன்றை அன்றைக்குத்தான் சொன்னார். சத்தம் கேட்டால் கம்பெனியில் எல்லோரும் ஷெட்டை விட்டு வெளியே வந்து நிற்பார்கள். போன் கிடையாது, மதிலுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. தலையைத் தூக்கிப் பாறையைப் பார்ப்பார்கள். நான் ஏறி வந்து எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேனோ அந்தப் பக்கம்தான் விபத்து. தெற்கே திரும்பி நின்றால், அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி இருப்பவர்கள் பர்மிஷன் கேட்டு ஓடுவார்கள். மற்றவர்கள் உள்ளே போய் வேலையைப் பார்ப்பார்கள். எல்லாரையும் நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இவர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“நீ அங்கன நிக்கிறத ஒருக்கப் பாத்துட்டா, கை நடுங்காமத் திரும்பப் போயி மருந்த அள்ளுவேன்” என்றார். டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு, “வீடு எப்படி, பிடிச்சிருக்கா?” என்று கேட்டார்.

“பிடிச்சிருக்கு” என்றேன்.

“பெறகென்ன, போங்க. நான் வேண்டாம்னு சொல்லலையே.”

அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது போயிருப்பேன். அதுதான் என் குணம். யாருமே என்னைப் பிடித்து வைக்கவில்லை என்பதால் யாரிடம் சண்டை போடுவது என்று தெரியவில்லை. மகளிடம் எரிந்து விழுந்தேன், பசைச் சட்டியைப் போட்டு உடைத்தேன். இது பிரியமா, இல்லை ஆயுள் தண்டனையா என்று அவரிடமே கேட்டுவிட நினைத்தேன். ஆனால் கை நடுங்காமல் என்று அவர் சொன்னது காதிலேயே இருந்தது. அவருடைய வேலையில் கை நடுங்கினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சனிக்கிழமை சம்பளத்தோடு ஒரு பார்சல் கொண்டுவந்தார். கம்பெனிப் பெண்கள் சேர்ந்து எனக்கு எடுத்த சேலை. கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறம். நான் வழக்கமாகக் கட்டுகிற சேலையெல்லாம் பாறையின் நிறத்தோடு போய்விடுகிறதாம், இது என்றால் எட்டத்திலிருந்தே பளிச்சென்று தெரியுமாம். யாரும் எனக்கு அப்படி ஒரு சேலை எடுத்துக் கொடுத்ததில்லை. மடியில் வைத்துத் தடவிப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மகள் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ வரமாட்ட, இல்லம்மா?” என்றாள். நான் சேலையை மடிக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அவள் என் தம்பி வீட்டில் தங்கிப் படிப்பதாக முடிவாயிற்று. அந்த மாடி அறைக்கு வேறு யாரோ குடி வந்துவிட்டதாகத் தம்பி சொன்னான். மகள் கிளம்பிய அன்று நான் அந்த ஆரஞ்சுச் சேலையைக் கட்டிக்கொண்டு அடிவாரத்துக்குப் போய் அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். அழவில்லை. பஸ் கிளம்பியதும் மேலே ஓடி வந்து பாறையில் ஏறினேன். வடக்கே போகிற ரோட்டில் அந்த பஸ் வேலிமுள்ளுக்கு நடுவே மறைவதும் தெரிவதுமாகப் போய்க்கொண்டிருந்தது. கண்ணில் படுகிற வரைக்கும் பார்க்கலாம் என்று நின்றேன். கையிலிருந்த போன் அடித்தது. கம்பெனி வாட்ச்மேன்.

“தாயி, வடக்க என்ன? சத்தம் ஒண்ணும் கேக்கலையே. ஆளுக எல்லாம் வெளிய வந்து நிக்கிறாக.”

கீழே பார்த்தேன். ஷெட்டுகளுக்கு முன்னால் அத்தனை பேரும் அண்ணாந்து நின்றார்கள். அவரும் தன் ஷெட்டுக்கு வெளியே நின்றார்.

“ஒண்ணுமில்லண்ணே. பிள்ளை போற பஸ்ஸப் பாத்துக்கிட்டு நின்னேன்.”

“அப்படியா தாயி. சரி, கீழ இறங்கிருங்க. வேலை நிக்குது.”

பஸ் இன்னும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. நான் வடக்கே திரும்பாமல் பாறையை விட்டு இறங்கினேன்.