நீல டிரம்மில் ஓடிய எஞ்சின்

ஒரத்தநாட்டைச் சுற்றியுள்ள பத்துப் பதினைந்து ஊர்களில் ஐயாவு பார்க்காமல் யாரும் மாடு வாங்கியதில்லை. பின்னாளில் ஐயாவு பார்க்காமல் யாரும் எஞ்சினும் வாங்கியதில்லை. மாட்டிலிருந்து எஞ்சினுக்கு அவர் எப்படி மாறினார் என்று கேட்டால், மாடுதான் மாறியது, அவர் மாறவில்லை என்பதே சரியான பதில். உழவு மாடு நின்ற இடத்தில் டிராக்டர் வந்து நின்றது. ஐயாவு மாட்டைப் பார்த்த அதே முகத்தோடு டிராக்டரையும் பார்த்தார்.

இந்தப் புகழுக்கு அடித்தளமான சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். இளவயதில் சொந்தக்காரர் ஒருவருக்குத் துணையாகச் சந்தைக்குப் போயிருந்தார். மயிலைக் காளை ஒன்று. சுழி சுத்தம், பல் சுத்தம், நடை சுத்தம். சொந்தக்காரர் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசப் போன நேரத்தில் ஊர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அதை விட்டால் நடைதான். ஐயாவு காளையை ஒரு பார்வை பார்த்து, "இது வேணாம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். காளையை வேறொருவர் வாங்கிப் போனார். அந்த வாரமே அது செத்தது. டாக்டர் வந்து பார்த்தும் காரணம் தெரியவில்லை. காரணம் தெரிந்தவர் ஐயாவு ஒருவர்தான் என்று ஊர் முடிவு செய்தது. நாளடைவில் ஐயாவுவும் அப்படியே நம்பத் தொடங்கினார். அன்றிலிருந்து அவர் பெயர் பார்வை ஐயாவு.

எஞ்சின் விஷயத்தில் அவர் முறை எளிமையானது. முதலில் அதன் தலையில் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்துவிடுவார். குளிர்ந்த எஞ்சின் முரண்டு பிடிப்பதை மறைக்க, ஆள் வருமுன்பே ஓடவிட்டுச் சூடேற்றி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். கை குளிர்ந்தால் அடுத்து மோந்து பார்ப்பார். கடைசியில், "ஏன் விக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமல் விற்பவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பலர் அதிலேயே உளறிவிடுவார்கள். இதற்கு அவர் வாங்கிய கூலி ஒரு சாப்பாடு, கொஞ்சம் வெற்றிலை.

ஊரார் எஞ்சினில் இவ்வளவு கறாராக இருந்தவர், தன் வயல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பட்டனைச் சைக்கிள் டியூப் போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். த்ரீ ஃபேஸ் கரண்ட் எந்த நேரத்தில் வருமோ தெரியாது. வந்தால் மோட்டார் தானாக ஓடும், போனால் தானாக நிற்கும், ஆள் தேவையில்லை. டெல்டாவில் பலரும் இப்படித்தான் என்பதால் இதை ஒரு குறையாக யாரும் சொன்னதில்லை.

இந்த நிலையில்தான் மருமகன் நெடுஞ்செழியனுக்குப் படகு ஆசை வந்தது. வளைகுடாவில் துறைமுகப் படகு ஓட்டிவிட்டு வந்தவர் அவர். வந்து வயலில் இறங்கினார். "ஒரு வருசம் தண்ணி வரல மாமா, மறு வருசம் வந்த தண்ணி போகல. இனிமே தண்ணியிலயே பொழைச்சுக்கிறேன்" என்றார். மல்லிப்பட்டினத்தில் நண்டு வலை போடத் தோதாக ஒரு ஃபைபர் படகு, பின்னால் மாட்டும் எஞ்சினோடு விலைக்கு வந்திருந்தது. பார்வைக்கு மாமனாரையே கூப்பிட்டார்.

புறப்படும் முன் மகள் சுடர்விழி அப்பாவை அடுப்படிக்கு அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

"எந்த எஞ்சினா இருந்தாலும் சரியில்லைன்னு சொல்லிருங்கப்பா."

"பாக்காம எப்படிம்மா சொல்றது."

"ஊருக்கெல்லாம் பாத்து சொன்னீங்க. எனக்கு ஒரே ஒரு தடவை பாக்காம சொல்லுங்க. நடுக்கடல்ல நின்னு போச்சுன்னா இவர் என்ன பண்ணுவார்? நீங்க வேணாம்னா கேட்டுக்குவார். வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டார்."

ஐயாவு தலையை ஆட்டினார். சரியாகப் பார்க்காமலே முடிவெடுப்பது அவர் வாழ்க்கையில் இரண்டாவது முறை. முதல் முறை பஸ்ஸுக்காக, இம்முறை மகளுக்காக.

பட்டுக்கோட்டையில் பஸ் மாறி மல்லிப்பட்டினம் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் ஏறவில்லை. படகு கரையில் கிடந்தது. எஞ்சின் மட்டும் கரையோரத்திலேயே இருந்த விற்பவர் வீட்டுக் கொல்லையில், கீற்றுச் சார்ப்புக்குள், ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மின் விளிம்பில் மாட்டியிருந்தது. டிரம்மில் கழுத்து வரை தண்ணீர். காட்டுவதற்கு வந்தவர் சேக் தாவூது; வீட்டுக்காரப் பெண் கமருன்னிஸாவின் தம்பி.

ஐயாவு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பூசாரியின் நிதானத்தோடு எஞ்சின் மூடியைக் கழற்றி உள்ளங்கையை வைத்தார். சூடு. அவருக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை. பொய் சொல்லாமலேயே மகளைக் காப்பாற்றிவிடலாம் போலிருந்தது.

"சூடா இருக்கே தம்பி."

"வெயிலு மாமா."

"கீத்துக்குள்ள எங்கேர்ந்து வெயிலு?"

"காத்தே சூடாத்தான் அடிக்குது."

ஐயாவு டிரம்முக்குள் விரலை விட்டார். "தண்ணியும் வெதுவெதுன்னு இருக்கு. அதுக்கும் காத்தா?"

சேக் தாவூது கைலியை அவிழ்த்துக் கட்டினார். "சத்தியமா நான் கை வைக்கல. மச்சான் மௌத்தானதுக்கு அப்புறம் இதை யாரும் தொடல."

நெடுஞ்செழியன் ஓரடி பின்னால் நகர்ந்தார். யாரும் தொடாத எஞ்சின் தானாகச் சூடாவது ஐயாவுவின் அனுபவத்தில் இல்லாத சங்கதி. இருந்தாலும் தொழில் தர்மத்தை விடாமல் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"மச்சான் எப்படி?"

"கடல்ல."

"எஞ்சின் நின்னு போச்சோ?" அந்தக் கேள்வியில் இருந்த ஆவல் அவருக்கே கொஞ்சம் அசிங்கமாகப் பட்டது.

"இல்ல மாமா. அது நிக்கல. அதுதான்." சேக் தாவூது கொல்லைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

கொல்லைக் கதவருகே கமருன்னிஸா நின்றுகொண்டிருந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"நான்தான் ஓட்டினேன், அண்ணே."

"லாத்தா, நீ உள்ள போ" என்றார் தம்பி.

"வாங்குறவங்ககிட்ட மறைக்கக் கூடாது. தெனம் விடியக்காலைல தொழுதுட்டு வந்து கயித்த இழுத்து விடுறேன். ஒரே இழுப்புல கிளம்பிரும். போட்ட பெட்ரோல் தீர்ற வரைக்கும் ஓடும். நான் பக்கத்துல நிப்பேன்."

"எதுக்கும்மா?"

"ஒரு தடவையாவது நடுவுல நிக்குதான்னு பாக்குறேன். இன்னைக்கி வரைக்கும் நிக்கல."

எஞ்சினின் வெதுவெதுப்பு இன்னும் உள்ளங்கையிலேயே இருப்பதுபோல் ஐயாவு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கமருன்னிஸா சொன்னது இதுதான். அவர் கணவர் சமீர் தனியாகத் தொழிலுக்குப் போயிருந்தார். வலையைச் சரிசெய்யக் குனிந்தபோது தவறி விழுந்திருக்க வேண்டும். ஆள் இல்லாத படகு நேராகப் போகாது. பிடியை விட்டதும் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய, படகு வட்டமடிக்கத் தொடங்கும். விழுந்தவரைச் சுற்றியே அது வந்திருக்கிறது. தூரத்தில் மற்ற படகுக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். இந்தக் கரையில் ஒரு படகு வட்டமடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"சமீரு நல்லா வலை வளைக்கிறாப்புல, மீன் பட்டுருச்சு போலன்னு பேசிக்கிட்டாங்களாம். ஒருத்தர் கைகூட காட்டியிருக்கார்" என்றார் கமருன்னிஸா. "எண்ணெ தீந்து நின்ன பெறகுதான் பக்கத்துல போயிருக்காங்க."

ஐயாவு தலையைக் குனிந்து எஞ்சினைப் பார்த்தார். பார்ப்பதற்கு வேறு இடம் இல்லாததால்தான் பார்த்தார். அப்போது முன்பக்கம் இருந்த சிவப்புப் பட்டன் கண்ணில் பட்டது. அதன் அடியில் செம்புக் கம்பி இறுக்கிச் சுற்றியிருந்தது. சைக்கிள் டியூப் கட்டிய கைக்கு அந்தக் கட்டு அந்நியமாகத் தோன்றவில்லை.

"இது என்ன கம்பி?"

பதில் சொன்னவர் நெடுஞ்செழியன். துறைமுகத்தில் இதைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பாடம் எடுத்திருந்தார்களாம். "அந்த எடத்துல ஒரு கிளிப்பு இருக்கணும் மாமா. கிளிப்புல ஒரு கயிறு. கயித்தோட மறு முனை ஓட்டுறவர் மணிக்கட்டுல. ஆள் விழுந்தா கயிறு கிளிப்பைப் புடுங்கிரும், எஞ்சின் உடனே நின்னுரும்."

"வலை இழுக்கயில கைல சிக்குதுன்னு எல்லாருமே கம்பி போட்டுருவாங்க" என்றார் சேக் தாவூது. "மச்சான் மட்டும் இல்ல."

கமருன்னிஸா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். உள்ளே சுருள்சுருளாகச் சிவப்புக் கயிறு, நுனியில் கிளிப். "எஞ்சின் வாங்கினப்ப குடுத்தது. கவரைப் பிரிக்கவே இல்ல."

அந்த இடத்தில் ஐயாவு, "சரியில்லை" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். காரணம் கையிலேயே இருந்தது. ஆனால் அவர் கம்பியை அறுத்து, அந்த இடத்தில் கிளிப்பைப் போடச் சொன்னார். எஞ்சினைப் படகில் மாட்டச் சொன்னார். பார்வை சொல்பவர் கூடவே போக வேண்டும் என்று, நீச்சல் தெரியாத தானும் படகில் ஏறி உட்கார்ந்தார்.

அலையில்லாத கடல். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், மார்பளவுத் தண்ணீரில் நெடுஞ்செழியன் கயிற்றை மணிக்கட்டில் மாட்டி எஞ்சினை ஓட்டினார். ஒரே இழுப்பில் கிளம்பியது. அந்தச் சத்தத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. அதுதான் ஐயாவுவை உறுத்தியது.

"மாப்ள, குதிங்க."

"என்ன மாமா?"

"விழுந்தா நிக்குதான்னு பாக்கணும். குதிங்க."

"கைலியோடவா?"

"விழுறவன் கைலிய மாத்திக்கிட்டா விழுவான்?"

மருமகனைக் கடலில் தள்ளும் மாமனார் என்ற பெயர் தனக்கு வரப்போவதைப் பற்றி ஐயாவு கவலைப்படவில்லை. அவர் கவலைப்பட்டது வேறு ஒன்றுக்கு. நெடுஞ்செழியன் விளிம்பைத் தாண்டிய பிறகுதான் அது உறைத்தது. எஞ்சின் நிற்காவிட்டால் படகில் மிச்சமிருப்பவர் தான் ஒருவர்தான். மருமகனை நடுவில் விட்டு வட்டமடிக்கப் போகிறவரும் தான்தான். கரையிலிருப்பவர்கள் கைகாட்டக்கூடும்.

எஞ்சின் நின்றது.

சத்தம் போன இடத்தில் தண்ணீர் படகின் அடியில் மெல்லத் தட்டுவது மட்டும் கேட்டது. நெடுஞ்செழியன் தலையைத் தூக்கினார், ஒரே ஒரு தடவை கையை ஓங்கிப் போட்டார், படகின் விளிம்பைப் பிடித்துவிட்டார். ஐயாவு கரையைத் திரும்பிப் பார்த்தார். கமருன்னிஸா தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி வந்திருந்தார். அதை அவர் அறிந்ததாகத் தெரியவில்லை.

படகு கரைக்கு வந்ததும் கமருன்னிஸா கேட்டது ஒன்றைத்தான்.

"நின்ன பெறகு எவ்வளவு தூரம் போச்சு, அண்ணே?"

ஐயாவு அன்றுவரை எஞ்சின் விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னவர் இல்லை. "ரொம்ப தூரம் போயித்தான் நின்னுச்சும்மா" என்றார். "நீந்திப் புடிக்கிறது கஷ்டந்தான். கயிறு இருந்தாலும் கஷ்டந்தான்."

"நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார் கமருன்னிஸா. கோபமாகச் சொல்லவில்லை. ஈரக் கயிற்றை வாங்கி, நீரை உதறிச் சுருட்டி நெடுஞ்செழியனிடமே கொடுத்தார். வீட்டுக்குள் போய்விட்டார்.

சேக் தாவூது தயங்கினார். "எஞ்சின் எப்படி மாமா?"

"நிக்குது" என்றார் ஐயாவு. "வாங்கிக்கலாம்."

மகளுக்குப் போன் போட்டது பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில்.

"என்னப்பா சொன்னீங்க?"

"நிக்குதுன்னு சொல்லிட்டேன்."

"ஓடுதான்னு பாக்கத்தானே போனீங்க?"

"ஓடுறதெல்லாம் நல்லாத்தாம்மா ஓடுது."

"நான் என்ன சொல்லி அனுப்பினேன் உங்கள?"

"இத வேணாம்னா உன் வீட்டுக்காரர் வேற ஒண்ணு வாங்குவார். அதுல கம்பி சுத்தியிருந்தா நமக்கு யார் சொல்லுவா?" என்று தொடங்கி நடந்ததைச் சொன்னார். சுடர்விழி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "கயிறு எந்தக் கையில மாட்டணும்?" என்று கேட்டாள்.

அன்று மாலை ஐயாவு வீட்டு வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது. இருட்டத் தொடங்கிய வயலில், ஒருவரும் இல்லாத இடத்தில், அவருடைய மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. எத்தனையோ வருஷமாகக் கேட்ட சத்தம். ஈரக்காலோடு வரப்பில் நடந்து போய், நிறுத்திவிட்டு, சைக்கிள் டியூபை அறுத்து வாய்க்காலில் எறிந்தார். அதன் பிறகு கரண்ட் வரும்போதெல்லாம் அவரே போய்ப் பட்டனை அழுத்துகிறார். ஓடி முடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பார்வைக்குக் கூப்பிடுபவர்களிடமும், "ஓட்டிக் காட்ட வேணாம், நிறுத்திக் காட்டுங்க" என்கிறார். அவருக்கு வயதாகிவிட்டது என்று ஊர் முடிவு செய்திருக்கிறது. காளை விஷயத்தில் முடிவு செய்த அதே ஊர்தான்.

மல்லிப்பட்டினத்தில் நீல டிரம் காலியாக இருக்கிறது. விடியற்காலையில் அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் கெடுகிறது என்று அக்கம்பக்கத்தார் இப்போது புகார் சொல்கிறார்கள். நெடுஞ்செழியன் கரையில் படகைத் தள்ளும் நேரத்தில் கமருன்னிஸா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்பார். எதுவும் கேட்பதில்லை. நெடுஞ்செழியன் எஞ்சினைக் கிளப்பி, கயிற்றைச் சுண்டி ஒருமுறை நிறுத்துவார். கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகு, மறுபடி கிளப்பிக்கொண்டு போவார்.